ஊதாச் சவ்வும் நாலு டிகிரி அறையும்

ஓய்வு பெற்ற ஆராய்ச்சியாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கவே கூடாது என்பது என் மனைவியின் கட்சி. ஒன்று, "நீங்க அப்படி என்னதான் ஆராய்ச்சி பண்ணீங்க?" இன்னொன்று, "அந்தக் காலத்துல எல்லாம் எப்படி இருந்துச்சு?" முதலாவதற்கு நான் சொல்லும் பதில் யாருக்கும் புரியாது, இரண்டாவதற்குச் சொல்லும் பதில் முடியாது.

என் பழைய மாணவி ஒருத்தி இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தன் ஆய்வகத்தைப் பார்க்க வரும்படி அழைத்திருந்தாள். போன இடத்தில் அவளுடைய மாணவர்கள் இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்கள். பாவம், எச்சரிக்க அங்கே ஆள் இல்லை.

முதல் கேள்விக்கு முடிந்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான ஒரு சவ்வு இருக்கிறது. தடிமன் ஏறத்தாழ ஐந்து நானோமீட்டர். உப்பு, சர்க்கரை, நரம்புச் செய்தி, மருந்து எதுவானாலும் இந்தச் சவ்வைத் தாண்டியாக வேண்டும். தாண்ட விடும் வாசல்களும் வாசலில் நின்று விசாரிக்கும் காவலாளிகளும்தான் சவ்வுப் புரதங்கள். மரபணுக்களில் கிட்டத்தட்ட கால்வாசி இவற்றைச் செய்வதற்கானவை. கடையில் விற்கும் மருந்துகளில் பாதிக்கு மேல் இவற்றைக் குறிவைத்தே வேலை செய்கின்றன. இவ்வளவு முக்கியமானவற்றின் உருவம் பல காலம் யாருக்கும் தெரியாமலே இருந்தது. காரணம், அவை கொழுப்புக்குள் குடியிருப்பவை. வெளியே எடுத்துத் தண்ணீரில் போட்டால் சுருண்டு கட்டியாகிவிடும். கொழுப்பிலிருந்து பிரிக்க டிடர்ஜென்ட் வேண்டும். அதன் அளவுதான் வித்தையே. எண்ணெய் தேய்த்த தலைக்குச் சீயக்காய் போடுவதுதான் கணக்கு. குறைந்தால் பிசுக்கு போகாது, கூடினால் தலை வறண்டுவிடும். வித்தியாசம் என்னவென்றால், வறண்ட தலை அடுத்த வாரம் சரியாகும். செத்த புரதம் பிழைக்காது.

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் ஸ்காலராகச் சேர்ந்தபோது எங்கள் கைடு தேர்ந்தெடுத்திருந்த புரதத்துக்கு டிடர்ஜென்டே தேவைப்படவில்லை. பாக்டீரியோரோடாப்சின் என்பது அதன் பெயர். அதை எடுத்துக்கொண்டதற்கு அவர் எழுத்தில் சொன்ன காரணங்கள் ஒன்றரைப் பக்கம். எழுதாத காரணம் ஒரே சொல்லில் அடங்கும்: வறுமை.

தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பு இறுகி வரும் பாத்திகளில் தண்ணீர் செம்மை பூத்து நிற்கும். வேறு எதுவும் வாழ முடியாத அந்த உப்பில் சுகமாக வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் ஹாலோபாக்டீரியம். வெளிச்சத்தை வைத்தே பிழைக்க அது தன் சவ்வில் ஊதா நிறத் திட்டுகளை விரித்து வைத்திருக்கிறது. அந்த ஊதா, ரெட்டினால் என்னும் நிறமியால் வருவது. நம் கண்ணுக்குள் இருக்கும் வைட்டமின் ஏ வகையறாதான். உப்புப் பூச்சிக்கும் மனிதக் கண்ணுக்கும் உள்ள இந்த உறவை 1971-இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கனியஸ் என்ற இருவர் வெளியிட்டபோது பலருக்கு நம்ப மனம் வரவில்லையாம்.

எங்களுக்குப் பிடித்தது அதன் எளிமை. லிட்டருக்குக் கால் கிலோ உப்பு போட்ட கரைசலில் வளரும். அறுவடை செய்து வெறும் தண்ணீரில் போட்டால் தானே வெடித்துவிடும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் ஊதாச் சவ்வு தனியாக வந்து உட்காரும். மேசைமேல் கிடந்தாலும் கெடாது. இத்தனை சாதுவான சவ்வுப் புரதம் இன்னொன்று கிடையாது. உப்புதான் எங்களைப் பழிவாங்கியது. ஷேக்கரின் கால், தராசின் தட்டு, சன்னல் கொக்கி என்று ஒன்று விடாமல் துருப்பிடித்தது. ரிப்பேருக்கு வந்த மெக்கானிக் ஷேக்கரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இது காலேஜா, மீன்பிடித் துறைமுகமா?"

இந்தப் புரதத்தின் வேலை, ஒளி பட்டால் ஒரு புரோட்டானை உள்ளிருந்து வெளியே தள்ளுவது. ஒளி பட்ட பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் ஊதா வெளுத்து மஞ்சளாகும். நூற்றில் ஒரு பங்கு நொடிக்குள் பழையபடி ஊதாவாகிவிடும். அதற்குள் ஒரு புரோட்டான் வெளியே போயிருக்கும். மறுபடி ஒளி, மறுபடி சுற்று. இருட்டறையில் உட்கார்ந்து ஃபிளாஷ் அடித்து, ஆசிலாஸ்கோப் திரையில் எழும்பி விழும் கோட்டைப் பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. திரையைப் படமெடுக்கப் போலராய்டு ஃபிலிம் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். ஆகவே திரையின்மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டிப் பென்சிலால் வரைந்தோம். சர்வதேச மாநாட்டில் "உங்கள் தரவுப் பதிவு முறை என்ன?" என்று கேட்டதற்கு எங்கள் கைடு துளியும் சிரிக்காமல், "அனலாக்" என்றார்.

ஆக, எங்கள் புரதம் அசைவது எங்களுக்குத் தெரியும். எவ்வளவு வேகத்தில், எத்தனை படிகளில் என்பதெல்லாம் தெரியும். அது பார்க்க எப்படி இருக்கும் என்பதுதான் சரிவரத் தெரியாது. கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் 1975-இல் மின்னணு நுண்ணோக்கியால் எடுத்த உருவம் ஒன்றுதான் கையிருப்பு. ஏழு ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில், சவ்வுக்குக் குறுக்கே நிற்கும் ஏழு கழிகள். உலகம் பார்த்த முதல் சவ்வுப் புரத உருவம் அது. பால்சா மரத்தில் அதை வெட்டி ஒட்டி அவர்கள் செய்த மாதிரியின் படம் எங்கள் சுவரில் இருந்தது. ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்பதால் கழிகள் ஆறா ஏழா என்று வருகிறவர்களெல்லாம் எண்ணிப் பார்ப்பார்கள். அந்த ஏழு கழிகளுக்கு அணுக்களை வைத்துக் காட்ட ஹெண்டர்சனுக்கு 1990 வரை ஆனது. பதினைந்து வருடம். இன்றைக்கு எந்த நிதிக் குழுவிடமாவது பதினைந்து வருடத் திட்டம் என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

படிப்பது எப்படி என்று மாணவர்கள் கேட்டார்கள். ஆய்விதழ்கள் கப்பலில் வரும். ஆகவே உலகத்தில் நடந்த கண்டுபிடிப்பெல்லாம் எங்களுக்கு நாலு மாதம் தள்ளித்தான் நடக்கும். நூலகத்தில் இல்லாத கட்டுரைக்கு, எழுதியவருக்கே ஓர் அஞ்சலட்டை போடுவோம்: தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்றை அன்புடன் அனுப்பி உதவவும். பெரும்பாலும் அனுப்புவார்கள். தபால்தலைக்காக எங்கள் அட்டண்டர் அந்த உறைகளை என்னைவிட ஆவலாக எதிர்பார்த்துக் கொண்டிருப்பார். இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்போ பேவால் இல்லையா சார்?" என்றான். இல்லைதான். இப்போது அது இருக்கிறது. அதைத் தாண்ட எழுதுகிறவரே பணம் கட்டும் ஏற்பாடும் இருக்கிறது. ஒரு கட்டுரைக்கு ஐந்தாயிரம் டாலருக்கு மேல் கேட்கும் இதழ்கள் உண்டு. நாங்கள் அஞ்சலட்டைச் செலவோடு தப்பித்தோம்.

1988-இல் வேதியியல் நோபல் பரிசு ஒரு சவ்வுப் புரதத்துக்குப் போனது. ஒளிச்சேர்க்கை நடக்கும் மையத்தைப் படிகமாக்கி உருவம் கண்ட மிஷெல், டைசன்ஹோஃபர், ஹூபர் மூவருக்கும் பரிசு. சவ்வுப் புரதத்தைப் படிகமாக்கவே முடியாது என்று பெரியவர்கள் சத்தியம் செய்துகொண்டிருந்த காலத்தில் நடந்த காரியம். அந்த மிஷெல் முதலில் மெனக்கெட்டது எங்கள் ஊதாப் புரதத்தோடுதான். சரியான படிகம் வராததால் வேறு புரதத்துக்குத் தாவினார். 1985-இல் உருவம் வந்தது. இந்தக் கதையைப் படித்த எங்கள் கைடு அதிலிருந்து ஒரே ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டார்: தாவ வேண்டும். சும்மா இருந்த எங்களை ஈ.கோலை பாக்டீரியாவின் சர்க்கரைக் கடத்திப் புரதத்தில் இறக்கிவிட்டார்.

கோல்ட் ரூம் என் வாழ்க்கையில் நுழைந்தது அப்படித்தான். வெளியே அக்னி நட்சத்திரம்; உள்ளே நாலு டிகிரி. அம்மா கொடைக்கானலில் வாங்கிய பூப்போட்ட ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, புரதத்தைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் சொட்டைக் கையாலேயே டியூப் மாற்றிப் பிடிக்க வேண்டும். டிடர்ஜென்ட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்: மூன்று கொட்டேஷன், இன்டென்ட், நிதிப் பிரிவின் கேள்வி, சுங்க விலக்குச் சான்றிதழ். பொட்டலம் வந்து சேரும்போது அதைக் கேட்ட ஸ்காலர் சில சமயம் கல்யாணமாகிப் போயிருப்பார். எல்லாம் கூடி வரும் நாளில் கரண்ட் போகும். ஜெனரேட்டருக்கு டீசல் போட கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். நாலு டிகிரி இருபதாகும், முப்பதாகும். புரதம் ஒரு நாளும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

எங்களுக்கு வினையாக வந்த அதே புரதம் அமெரிக்காவில் ரொனால்ட் கபாக்குக்கு வாழ்நாள் வேலையாக இருந்தது. உருவம் தெரியாவிட்டால் என்ன என்று, அந்தப் புரதத்தின் 417 அமினோ அமிலங்களையும் அநேகமாக ஒவ்வொன்றாக மாற்றி, எதை மாற்றினால் வேலை நிற்கிறது என்று அவர் குழு பார்த்தது. இவ்வளவுக்கும் பிறகு, மாற்றவே கூடாதவை பத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. 2003-இல் உருவம் வந்தபோது, சர்க்கரை உட்கார்ந்திருந்த இடம் அவர்கள் பார்க்காமலே சொல்லி வைத்திருந்ததோடு ஒத்துப்போனது. கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி அறிந்துகொண்டதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. நான்? ஊதாப் புரதத்தை வைத்தே ஆய்வேட்டை எழுதி முடித்தேன். சர்க்கரைக் கடத்தி கடைசி அத்தியாயத்தில் 'எதிர்கால ஆய்வு' என்ற தலைப்பின் கீழ் நிம்மதியாகத் தூங்குகிறது.

இனி இன்றைய கதை. மாணவி ஒருத்தி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். தன் புரதத்தின் அமினோ அமில வரிசையை ஒட்டினாள். டீ வந்தது. டீயைக் குடித்து முடிப்பதற்குள் திரையில் உருவம். பன்னிரண்டு சுருள்களும் வானவில் வண்ணத்தில், சுட்டியால் சுழற்றினால் சுழல்கின்றன. ஆல்ஃபாஃபோல்டு என்னும் கணினி நிரல் செய்யும் வேலை இது. 2020-இல் நடந்த புரத உருவக் கணிப்புப் போட்டியில் மற்ற எல்லாரையும் திகைக்க வைத்தது. 2022-க்குள் இருபது கோடிப் புரதங்களுக்கு மேல் உருவம் கணித்து இலவசமாகப் போட்டுவிட்டார்கள். 2024-இல் நோபலும் வாங்கியாயிற்று. உப்பு வாங்கவில்லை, ஷேக்கர் துருப்பிடிக்கவில்லை, யாரும் ஸ்வெட்டர் போடவில்லை.

"அற்புதம்மா. உன் புரதத்தைக் கண்ணால பார்க்கலாமா?" என்றேன்.

"கோல்ட் ரூம்ல இருக்கு சார்."

"நிறைய இருக்கா?"

"இல்ல சார். ரெண்டாவது வருஷமா டிரை பண்றேன். செல்லுல புரதமே சரியா உருவாக மாட்டேங்குது. வந்தாலும் டிடர்ஜென்ட்ல நிக்க மாட்டேங்குது."

கதவைத் திறந்து காட்டினாள். குழாயில் சொட்டுப் பிடிக்க இப்போது தொடுதிரை வைத்த இயந்திரம் இருக்கிறது. டியூப்பை அதுவே மாற்றுகிறது. மாற்றுகிறதா என்று பார்க்க ஸ்வெட்டர் போட்ட ஒரு பையன் பக்கத்தில் நிற்கிறான். ஸ்வெட்டர் ஹூடி ஆகியிருக்கிறது. டிடர்ஜென்டுக்குக் கொட்டேஷன் இப்போதும் மூன்று. இணையத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நாலு டிகிரி நாலு டிகிரியாகவே இருக்கிறது.

நுண்ணோக்கிப் பக்கத்தில் நடந்த மாற்றம் மட்டும் உண்மையிலேயே வாய் பிளக்க வைத்தது. படிகமே வேண்டாம் என்றாகிவிட்டது. புரதக் கரைசலில் ஒரு சொட்டை எடுத்து, மெல்லிய வலையில் வைத்து ஒற்றி, திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்தினால் தண்ணீர் பனிக்கட்டிப் படிகமாக நேரமில்லாமல் கண்ணாடியாக உறைந்துவிடும். அந்த உறைவில் ஆயிரக்கணக்கான புரதங்கள் கண்டபடி திரும்பி நிற்கும். அத்தனையையும் படமெடுத்துக் கணினியில் சேர்த்தால் உருவம். 2013 முடிவில் சான்பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸ், யீஃபான் செங் குழுக்கள் இப்படி 3.4 ஆங்ஸ்ட்ராமில் பார்த்தது என்ன தெரியுமா? பச்சைமிளகாயைக் கடித்தால் நாக்கில் 'ஐயோ' என்று அலறும் புரதம். சும்மா இருக்கும்போது ஒன்று, மிளகாய்ச் சத்து ஒட்டியிருக்கும்போது ஒன்று என்று படம் பிடித்துக் காட்டினார்கள். ஏழு கழி பார்த்த ஹெண்டர்சன் 2017-இல் நோபல் வாங்கியது இந்த முறைக்கு வழி போட்டதற்காகத்தான். பெங்களூரில் இதற்கென்று தேசிய வசதி இருக்கிறது. இந்த ஆய்வகத்துப் பிள்ளைகள் வாடகைக் காரில், உறைந்த வலைகள் உள்ள நைட்ரஜன் குடுவைக்குச் சீட் பெல்ட் போட்டு, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போய்வருகிறார்கள். குடுவை குலுங்கக் கூடாது என்பதால் டிரைவர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் இவர்களிடம் திட்டு வாங்குகிறார்.

படத்தின் மயக்கம் பற்றி ஒரு பழைய கதையும் அவர்களிடம் சொன்னேன். மருந்தை வெளியே தள்ளும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றின் உருவம் 2001-இல் பெரிய இதழில் வந்தது. உலகமே கொண்டாடியது. அந்த உருவத்தோடு ஒத்துப்போகாத சோதனை முடிவுகளை வைத்திருந்தவர்களைத்தான் நடுவர்கள் கேள்வி கேட்டார்கள். 2006-இல் அதன் உறவுக்காரப் புரதம் ஒன்றின் உருவம் வேறோர் ஆய்வகத்திலிருந்து வந்ததும் குட்டு வெளிப்பட்டது. கணிப்பு நிரலில் தரவின் இரண்டு வரிசைகள் இடம் மாறிப்போய், முழு உருவமும் இடவலம் புரண்டிருந்தது. ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. வண்ணப் படம் என்றால் நாம் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்பது எனக்குப் பிடிபட்டதே இல்லை. சரிபார்க்க ஒரு வழி மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. எந்த உருவம் வந்தாலும், கணினியே கணித்ததானாலும், ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுப் பார்த்தாக வேண்டும். ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டது. அறுபது வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க ஓடுகிறது. யாரும் அதற்குப் புதுப் பதிப்பு கேட்கவில்லை.

"அப்ப உருவம்தான் கையில இருக்கே, இனிமே என்ன ஆராய்ச்சி?" என்று வேண்டுமென்றே கேட்டேன். அந்த மாணவிக்குக் கோபமே வந்துவிட்டது.

"சார், இது ஒரே ஒரு போஸ். சர்க்கரையை உள்ள தள்ளணும்னா இது வெளிப்பக்கம் திறந்து, மூடி, உள்பக்கம் திறக்கணும். எப்படித் திறக்குது, எவ்வளவு நேரம் திறந்திருக்கு, எது முதல்ல அசையுதுன்னு இந்தப் படத்துல இல்லையே!"

அதைக் கண்டுபிடிக்க அவள் என்ன செய்கிறாள்? புரதத்தில் இரண்டிரண்டு இடமாகத் தேர்ந்து சிஸ்டீனாக மாற்றுகிறாள். அவற்றில் ஒளிரும் குறிகளை ஒட்டி, இடையிலுள்ள தூரம் கூடுகிறதா குறைகிறதா என்று அளக்கிறாள். ஒவ்வோர் அமினோ அமிலமாக மாற்றுவது, கோல்ட் ரூமில் நிற்பது, திரையில் ஒரு கோடு எழும்பி விழுவதைப் பார்ப்பது. எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்களிடம் அசைவு இருந்தது, உருவம் இல்லை. இவர்களிடம் உருவம் இருக்கிறது, அசைவு இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் தர எந்தக் காலத்துக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

ஓரளவு தந்த இடம் ஒன்று உண்டு. அதுவும் எங்கள் ஊதாப் புரதம்தான். ஜப்பானின் எக்ஸ்ரே லேசரில், புரதத்தின் நுண்படிகங்களில் ஒளியைப் பாய்ச்சி, அடுத்த கணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து 2016-இல் வெளியிட்டார்கள். நானோ நொடியிலிருந்து மில்லி நொடி வரை பதின்மூன்று காட்சிகள். டிரேசிங் பேப்பரில் நான் வரைந்த கோட்டின் மேடு பள்ளங்களில் உள்ளே எந்த அணு எங்கே நகர்ந்தது என்று அதில் பார்த்தேன். மகிழ்ச்சியாக இருந்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். ஆனால் கவனியுங்கள்: 1971-இல் பிடித்த ஒரே ஒரு புரதத்துக்கு, அதுவும் ஒளி பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும் அத்தனை சாதுவான புரதத்துக்கு, பதின்மூன்று காட்சிகளுக்கே இவ்வளவு காலம். சர்க்கரைக் கடத்திக்கு ஒளியைக் காட்டினால் ஒன்றும் நடக்காது.

மாநாடுகளில் என் வயதுக்காரர்கள் ஒரு பல்லவி பாடுவார்கள். "எங்களை மாதிரி கஷ்டப்பட்டாத்தான் விஞ்ஞானி ஆக முடியும். இப்பத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாம் பட்டன்ல வருது." எனக்கு இதில் உடன்பாடில்லை. நாங்கள் பட்ட கஷ்டத்தில் பெரும்பகுதி விஞ்ஞானமே இல்லை. கப்பலுக்குக் காத்தோம், சுங்கத்துக்குக் காத்தோம், டீசல் கையெழுத்துக்குக் காத்தோம். காத்திருந்ததில் வந்தது பொறுமையல்ல, கேரம் விளையாட்டுத் திறமை. இந்தப் பிள்ளைகளுக்கும் காத்திருப்பு குறையவில்லை. உதவித்தொகை பல மாதம் சேர்ந்து வருகிறது. கட்டுரை நடுவர்களிடம் கிடக்கிறது. நுண்ணோக்கியில் நேரம் கிடைக்க வரிசை. கேரம் போர்டு மட்டும் காணோம்.

நான் கிளம்பும்போது அந்த மாணவி தன் ஆய்வேட்டுத் தலைப்பைக் காட்டினாள். ஒரு சவ்வுக் கடத்திப் புரதத்தின் உருவமும் இயக்கமும். எங்கள் கைடு அந்தக் காலத்தில் நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் தலைப்பும் ஏறக்குறைய இதேதான். அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 'மிகையான ஆசை' என்று நடுவர் எழுதியிருந்தார். இவளுடையதற்கு நிதி வந்திருக்கிறது. முன்னேற்றம் இல்லை என்று யார் சொன்னது?

அந்த ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. உங்கள் வீட்டிலோ தெருவிலோ எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகள் இருந்தால் சொல்லிவையுங்கள். கணினி தெரிந்திருந்தால் நல்லது. நாலு டிகிரியில் நிற்கத் தெரிந்திருப்பது கட்டாயம். ஸ்வெட்டர் அவரவரே கொண்டுவர வேண்டும்.